லிஸ்பெட்டின் பந்தயம்

கோபன்ஹேகன் ரயில் நிலையத்தின் கடிகாரத்துக்குக் கீழே பிரேபன் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றிருந்தார். முப்பத்தொரு வருடமாகப் பால் வண்டி ஓட்டுகிறவருக்குத் தாமதமாகப் போகத் தெரியாது. மேற்கே ஸ்கேர்ன் ஊரைச் சுற்றிய பண்ணைகளில் அவர் வண்டிச் சத்தத்தைக் கேட்டுத்தான் பலர் காலையில் காப்பிக்கு அடுப்பு மூட்டுவார்கள். மற்றபடி அவரைப் பற்றிச் சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. வயது அறுபத்து மூன்று, மனைவி மார்ச்சில் இறந்துபோனாள், ஒரே மகள் ஓர்ஹூஸ் நகரத்தில் செவிலியாக இருக்கிறாள்.

மகள் மைக்கன் படியேறி வந்தாள். வந்ததும் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, இது அம்மாவ அடக்கம் பண்ணன்னிக்குப் போட்ட கோட்டு."

"தெரியும்."

"வேற இல்லையா?"

"இருக்கு. முதுகுல பால் கம்பெனி பேரு பெருசா போட்டிருக்கும். அத மாட்டிக்கிட்டு வரவா?"

வேறொரு வருடமாக இருந்தால் மைக்கன் சிரித்திருப்பாள். இப்போது கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இன்று அவர்கள் போகிற உணவக விருந்துக்கு இடம் பிடித்தது மனைவி லிஸ்பெட். சென்ற ஜூனில், வருடத்துக்கு ஒரே நாள் திறக்கும் முன்பதிவில், நூலகத்துக் கணினி முன்னால் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து இரண்டு நாற்காலிகளைப் பிடித்துவிட்டாள். நூலகர் வேலையில் அவள் செய்த ஒரே ஒழுங்கீனம் அதுதான். வீட்டுக்கு வந்து சொன்னபோது பிரேபன் கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுது தடவிக்கொண்டிருந்தார்.

"பதினாலு தட்டு வருமாம். ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. பாசி, பூச்சின்னு கண்டதும் போடுவாங்களாம்."

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்?"

"கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல நீ தின்னது அஞ்சே ஐட்டம். ரொட்டி, ஈரல், பன்னி, உருளைக்கிழங்கு, அது மேல ஊத்தற பழுப்புக் குழம்பு. ஆறாவதா ஒண்ண நீ திங்கறத நான் பாக்கணும். பந்தயம் வச்சுக்கலாம். யாரு தட்டுல மொதல்ல மிச்சம் வைக்கிறாங்களோ அவங்க அந்த வருஷம் வீட்டுச் செடிவேலிய வெட்டணும். என்னன்னு கேக்கக் கூடாது, பாக்கக் கூடாது, மோந்து பாக்கக் கூடாது."

"எப்பவுமே நான்தானே வேலி வெட்டறேன்?"

"அப்ப ஒனக்கு என்ன நஷ்டம்?"

லிஸ்பெட்டிடம் வாதாடி ஜெயித்தவர் இல்லை. பிரேபன் கையில் ஒட்டியிருந்த ஈரல் விழுதோடு அப்படியே கை கொடுத்தார்.

அவர்கள் தெருவில், ஜூன் கடைசியில் ஊரே கூடி மூட்டும் நடுக்கோடை நெருப்புக்கு முன்னால் எல்லா வீட்டு வேலியும் வெட்டியாக வேண்டும். சட்டம் ஒன்றும் இல்லை. வெட்டாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் ஒன்றும் சொல்லமாட்டான், ஆனால் குத்திக்காட்டுகிற மாதிரி தன் வேலியை இரண்டு தரம் வெட்டுவான். இந்த ஜூனில் பிரேபனின் வேலி மனுஷன் உயரத்துக்கு முளைத்து நின்றது. யாரும் இரண்டு தரம் வெட்டவில்லை. அதை வைத்துத்தான் தெரு தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறது என்று அவர் தெரிந்துகொண்டார்.

விருந்துக்கு மூன்று நாள் இருக்கும்போது லிஸ்பெட்டின் கைபேசி அடித்தது. அவர் அதைத் தினமும் சார்ஜ் போட்டு, ரொட்டிக் கத்தி வைக்கும் இழுப்பறையில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால் அவருக்குப் பதில் தெரியாது.

"வணக்கம், லிஸ்பெட்டா?" என்று உணவகத்திலிருந்து ஒரு இளம் குரல் குஷியாகக் கேட்டது.

"இப்போ இங்க இல்ல," என்றார் பிரேபன்.

"பரவால்ல. வியாழக்கிழம ரெண்டு பேரும் வர்றீங்க இல்ல? நாங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்!"

"ரெண்டு பேரும் வர்றோம்."

வைத்த பிறகு சமையலறையில் அப்படியே நின்றார். சிறிய ஊர். பேப்பரில் இரங்கல் விளம்பரம் வந்துவிட்டது, தேவாலயத்தில் மணி அடித்துவிட்டது, உறவுக்காரர்களுக்கெல்லாம் மைக்கன் ஃபோன் செய்துவிட்டாள். மார்ச் ஒன்பதாம் தேதியிலிருந்து இன்று வரை, லிஸ்பெட் இறந்துவிட்டாள் என்று தெரியாத ஒருவரை அவர் சந்திக்கவே இல்லை. அதனால் அந்த வாக்கியத்தை அவர் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய முதல் ஆள் வந்தபோது வார்த்தை வரவில்லை. அன்று மாலை மகளைக் கூப்பிட்டு, இடம் வீணாகப் போகிறது, வருகிறாயா என்று மட்டும் கேட்டார்.

உணவகம் துறைமுகத்து ஓரத்தில் ஒரு பழைய கப்பல் கொட்டகையில் இருந்தது. பெயர் 'களை'. தோட்டத்தில் பிடுங்கி எறிகிற களைதான். "நல்ல பேரு வச்சான்," என்று முனகிக்கொண்டே பிரேபன் கோட்டைக் கழற்றினார். மாலை ஐந்து மணி, வெளியே வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது.

தாடி வைத்த ஒரு பையன் இரண்டு கைகளையும் விரித்தபடி வந்தான். மார்பில் வில்லாட்ஸ் என்று பெயர் குத்தியிருந்தது.

"பிரேபன்! லிஸ்பெட்! வாங்க, வாங்க! ஒரு வருஷமா உங்களுக்காகவே ஒக்காந்திருக்கோம்."

மைக்கன் அசையவில்லை. அப்பாவைப் பார்த்தாள். பிரேபன் கோட்டைக் கொக்கியில் மாட்டினார். மாட்டிவிட்டு, தொங்குகிற கோட்டின் தோளை இரண்டு தரம் நீவிவிட்டார். அறுபத்து மூன்று வயதுக்காரர் முப்பத்து நாலு வயது மனைவியோடு வருவது தலைநகரத்தில் பெரிய விஷயமில்லை போலிருக்கிறது. வில்லாட்ஸ் புருவத்தைக்கூட உயர்த்தாமல் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அவன் நகர்ந்ததும் மைக்கன் மேஜை மேல் குனிந்தாள்.

"அப்பா. அவன் என்ன அம்மான்னு நெனச்சுக்கிட்டிருக்கான்."

"ம்."

"உன் பொண்டாட்டின்னு நெனச்சுக்கிட்டிருக்கான்! நீ அவங்ககிட்ட சொல்லல. இல்ல?"

"ஃபோன்ல கேட்டாங்க. சொல்ல வரல."

மைக்கன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும், அம்மாவிடமிருந்து வந்தது.

"நாப்பத்திரெண்டு பேருக்கு நான் ஃபோன் பண்ணேன்ப்பா. நாப்பத்திரெண்டு தடவ அந்த வார்த்தைய நான் சொன்னேன். பக்கத்துலயே ஒக்காந்து நீ ரொட்டி தின்னுக்கிட்டிருந்தே. ஒரே ஒருத்தன், இந்தத் தாடிக்காரன், இவனுக்காவது நீ சொல்லு. நான் வாயத் தொறக்க மாட்டேன். கடசித் தட்டு வர்றதுக்குள்ள நீ சொல்லலேன்னா நான் எழுந்து ரயிலுக்குப் போயிடுவேன். அதுக்கப்பறம் நான் உன்ன எதுவும் கேக்க மாட்டேன். எப்பவும்."

"சரி," என்றார் பிரேபன். சரி என்று சொல்வது சுலபம்.

அதற்குள் முதல் தட்டு வந்துவிட்டது. இருவருக்கும் ஒரே மாதிரி கறுப்புக் கிண்ணம். அதன் மேல் ஒரு பெரிய பச்சை இலை மூடியிருந்தது. மற்ற மேஜைகளில் பரிமாறுகிறவர்கள் குனிந்து நின்று இது என்ன, எந்தக் காட்டில் பறித்தது, எத்தனை நாள் ஊறியது என்று நீளமாக விளக்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே வில்லாட்ஸ் கிண்ணத்தை வைத்துவிட்டு ஒரு விரலை உதட்டில் வைத்துக்கொண்டான்.

"உங்களுக்கு மட்டும் எதுவும் சொல்றதா இல்ல. கடசிலதான். லிஸ்பெட் எழுதின மாதிரியே." மைக்கனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான்.

"என்ன எழுதினாளாம்?" என்றார் பிரேபன்.

"எனக்கென்ன தெரியும்? முன்பதிவுல ஒரு படிவம் குடுப்பாங்க. ஒத்துக்காதது இருந்தா எழுதணும்." மைக்கன் இலையைத் தூக்கி உள்ளேயிருந்ததை முள்கரண்டியால் வாயில் போட்டாள். கொஞ்ச நேரம் மென்றாள். "உருளைக்கிழங்கு. புதுசு. வெண்ண போட்டிருக்கான். இதுக்குத்தானா இந்த அமர்க்களம்?"

பிரேபன் பந்தய விதிப்படி பார்க்காமல், மோந்து பாராமல் இலைக்கடியில் இருந்ததை வாயில் போட்டார். வாயில் ஏதோ உதைத்தது.

அப்படியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபடி ஒரு உதை. அப்புறம் கடித்தார். நொறுங்கியது, உப்பாக இருந்தது, அதன் பின்னால் எலுமிச்சை மாதிரி சுளீரென்று ஒரு புளிப்பு. விழுங்கினார். எதிரே மகள் நிதானமாக வெண்ணெயைத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

உருளைக்கிழங்கு உதைக்குமா?

விஷயம் இதுதான். மார்ச்சிலிருந்து அவருக்கு எதுவுமே ருசிக்கவில்லை. ரொட்டி அட்டையாக இருந்தது. ஈரல் விழுது ஈர அட்டையாக இருந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, அந்த மாதிரி ஆள் முழுக்க இருந்தார். கிள்ளினால் தெரியும், ஆனால் வேறு யாரையோ கிள்ளுகிற மாதிரி தெரியும். மே மாதம் டாக்டரிடம் போனார். டாக்டர் மூக்கைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், துக்கம்தான், பொறுத்திருங்கள் என்றார். பொறுத்திருப்பதில் பிரேபனுக்குக் கஷ்டமில்லை, அவர் தொழிலே அதுதான். ஆனால் அவர் தொழிலில் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பண்ணையிலும் பால் தொட்டியின் மூடியைத் திறந்து ஓட்டுநர் மூக்கால் மோந்து பார்த்த பிறகுதான் குழாயை மாட்ட வேண்டும். ஒரு தொட்டி கெட்டிருந்தால் வண்டி மொத்தமும் போய்விடும். மூன்று மாதமாக அவர் மூடியைத் திறந்து, குனிந்து, மூச்சை இழுத்து, ஒன்றும் தெரியாமல் மூடிக்கொண்டிருந்தார்.

இத்தனை நாள் ஊமையாகக் கிடந்த நாக்கு இன்று உளற ஆரம்பித்துவிட்டதா? உருளைக்கிழங்கை எடுத்துக் கொடுத்தால் உதைக்கிறது, புளிக்கிறது என்கிறதே. பிரேபனுக்குப் பயமாக இருந்தது. ஆள் முழுதாக முடிந்துபோய்விட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தார்.

அடுத்த தட்டுகள் வந்தன. எல்லாம் இலைக்கடியில். "தண்ணீர்விட்டான் தண்டு," என்றாள் மைக்கன். அவர் வாயில் ஏதோ கொழகொழவென்று வழுக்கி, கடல் தண்ணீரை வாரிக் குடித்த மாதிரி இருந்தது. "முள்ளங்கி," என்றாள். அவர் வாயில் முறுமுறுவென்று மரப்பட்டையும் புகையும். "மறுபடி உருளைக்கிழங்கு. இவங்களுக்கு வேற எதுவும் தெரியாதா?" அவர் வாயில் இரும்பு, ரத்தம், கிராம்பு.

"எப்படி இருக்கு?" என்று மைக்கன் ஒரு தடவை கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். வேறென்ன சொல்வது?

வில்லாட்ஸ் ஒவ்வொரு முறை வரும்போதும் "லிஸ்பெட், சரியா இருக்கா?" என்றான். "லிஸ்பெட், தண்ணி வேணுமா?" என்றான். ஒவ்வொரு முறையும் மைக்கன் அப்பாவைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பிரேபன் வாயைத் திறந்தார், அதில் எதையாவது போட்டுக்கொண்டு மூடினார். ஏழாவது தட்டு முடிந்தபோது அவள் கைக்குட்டையை மடித்து மேஜையில் வைத்தாள்.

"அன்னிக்கும் நீ இப்படித்தான் இருந்தே."

"என்னிக்கு?"

"அம்மா வாசல்ல ஷூவுக்கு நாடா கட்டிக்கிட்டிருந்தப்போ விழுந்தா. பக்கத்து வீட்டு யெர்டா ஒனக்கு ஃபோன் பண்ணா. நீ ஒரு பண்ணைல இருந்தே. குழாய் மாட்டியிருந்துது. மீதிப் பால மொத்தமும் ஏத்திட்டுதான் கிளம்பினே. யெர்டாதான் சொன்னா, பின்னாடி மோட்டார் ஓடற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். பிடுங்கிப் போட்டுட்டு ஓடி வர வேணாமா ஒரு மனுஷன்?"

பிரேபன் மேஜைத்துணியின் மடிப்பைப் பார்த்தார்.

"ஒங்கம்மா போயாச்சுன்னுதான் ஃபோன்ல சொன்னா யெர்டா. ஓடி வந்து என்ன பண்றதுன்னு தெரியல. கை தானா செஞ்சுது. எத்தன லிட்டர்னு சீட்டுகூட எழுதினேன். நல்ல கையெழுத்துல எழுதியிருக்கேன்." சற்று நிறுத்தினார். "அன்னிலேருந்து எனக்கு ஒண்ணும் தெரியலடி மைக்கன். வாசன தெரியல. பசி தெரியல. அழுகை வரல. வரவச்சுப் பாத்தேன், வரல. பால் வாசனைகூடத் தெரியல."

"பால் வாசனையுமா?" அவள் குரல் மாறியது. "அப்ப எப்படி வண்டி ஓட்டறே?"

"பாலோட சூட்ட தெர்மாமீட்டர்ல பாத்து."

"அப்பா!"

"இன்னிக்கு இன்னும் மோசம். நீ உருளைக்கிழங்குங்கறே. எனக்கு அது உருளைக்கிழங்கா தெரியல. என்னென்னமோ தெரியுது."

மைக்கன் செவிலி. அவள் கண் உடனே அவர் வாய் ஓரத்தையும் கைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தது. பக்கவாதம் இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டாள். ஆனால் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்பாவை மன்னித்துவிடவில்லை. அவர் வெறும் கல் இல்லை என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது.

"சரி, நிறுத்திடலாம். மிச்சத்த வச்சுடு. கஷ்டப்பட்டுத் திங்காதே."

"முடியாது. மிச்சம் வச்சா நான் தோத்துடுவேன்."

"எதுல?"

அவர் பந்தயத்தைப் பற்றிச் சொன்னார். வேலி, பதினாலு தட்டு, கேட்கக் கூடாது, பார்க்கக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது. மைக்கன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாருகூடப்பா இப்ப பந்தயம்?" என்றாள் கடைசியில், மெதுவாக.

பந்தயத்துக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் தட்டைக் காலி செய்துகொண்டே போகிறவரைக்கும் எதிர்ப்பக்கம் லிஸ்பெட் இருந்துகொண்டே இருப்பாள். ஒரு வாய் மிச்சம் வைத்தால் பந்தயம் முடிந்துவிடும், அவளும் முடிந்துவிடுவாள். இதை அவரால் வார்த்தையில் சொல்ல முடிந்திருந்தால், அவர் பிரேபனாகவே இருந்திருக்க மாட்டார்.

பத்தாவது தட்டில்தான் அவர் கிட்டத்தட்டத் தோற்றுப்போனார். இலைக்கடியில் இருந்தது கரண்டி பட்டதும் தயிர் போலக் குலுங்கியது. நாக்கில் வைத்தபோது கொழுப்பாகப் பரவி, எங்கும் பிடிகொடுக்காமல் தொண்டைக்குள் நகர்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அது அழுகை இல்லை, குமட்டல். மைக்கன் தன் தட்டில் கோழித் துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "வெறும் கோழிப்பா," என்றாள், ஆறுதலாக. கோழி! அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கினார்.

பன்னிரண்டு. பதின்மூன்று. கடைசியாகப் பனிக்கூழ், மைக்கனுக்கு ஸ்ட்ராபெர்ரி, அவருக்கு என்னவென்று கடவுளுக்கே வெளிச்சம். அவர் கிண்ணத்தின் அடிவரை சுரண்டிவிட்டுக் கரண்டியை வைத்தார். மைக்கனும் வைத்தாள். அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதை அவர் பார்த்தார். ஆறு ஐம்பத்தெட்டுக்கு ஒரு ரயில், ஏழு ஐம்பத்தெட்டுக்கு ஒரு ரயில் என்று அவருக்கே தெரியும். சொல்லிவிட வேண்டும், இதோ இப்போது வருவான், சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வில்லாட்ஸ் தனியாக வரவில்லை. சமையலறைக் கதவு திறந்து ஒன்பது பேர் வெள்ளை மேலாடையோடு வரிசையாக வெளியே வந்தார்கள். எல்லாரும் சின்னஞ்சிறுசுகள். எல்லார் முகத்திலும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாற்காலியில் எதையோ வைத்துவிட்டுக் காத்திருக்கிற பிள்ளைகளின் சிரிப்பு. நடுவில் தலைமைச் சமையல்காரி, தைரா என்று பெயர், கையில் ஒரு காகிதம்.

"பிரேபன்," என்றாள் தைரா, "பதினாலும் காலி. இந்த மேஜைல யாரும் இதுவர இப்படித் தின்னதில்ல. இப்ப உங்க பொண்டாட்டி என்ன எழுதினாங்கன்னு படிச்சுக் காட்டட்டுமா? ஒரு வருஷமா இது எங்க சமையலறைச் சுவத்துல ஒட்டியிருக்கு. லிஸ்பெட், படிக்கலாம் இல்ல?"

மைக்கன் ஆமென்றும் தலையாட்டவில்லை, வேண்டாமென்றும் ஆட்டவில்லை. தைரா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு படித்தாள்.

"'ஒத்துக்கொள்ளாத உணவு என்ற இடத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும், வேறு இடம் இல்லை. என் கணவர் பிரேபன் முப்பத்தெட்டு வருடமாக ஐந்தே பண்டங்கள் தின்கிறார். உங்களிடம் உள்ளதிலேயே பயங்கரமானதையெல்லாம் அவருக்குக் கொடுங்கள். எதையும் இலை போட்டு மூடுங்கள், என்னவென்று சொல்லாதீர்கள். எனக்கு அதே இலைக்கடியில் புது உருளைக்கிழங்கு, வெண்ணெய் என்று சாதாரணமானதையே வையுங்கள். நான் பெரிய கோழை, ஆனால் அவருக்கு அது தெரியாது. கடைசியில் எல்லோருமாக வந்து அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும்.'"

ஒன்பது பேரும் மைக்கனைப் பார்த்தார்கள். லிஸ்பெட் சிரிப்பதற்காகக் காத்திருந்தார்கள். மைக்கனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள். பிரேபன் மேஜை மேல் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரு," என்றார். அப்புறம் தைராவிடம் கேட்டார், "அப்ப மொதல்ல வந்தது உருளைக்கிழங்கு இல்லையா?"

"உயிரோட இருக்கற எறால். மேல காட்டெறும்பு தூவினோம்."

"ஒதச்சுது."

"ஒதைக்கும்."

"அந்தப் புளிப்பு?"

"எறும்பு."

"அப்புறம் ரத்தம் மாதிரி ஒண்ணு?"

"ரத்தமேதான். பன்னி ரத்தத்துல அடை. கிராம்பு போட்டது."

"கிராம்பு," என்றார் பிரேபன். "கிராம்புன்னு நெனச்சேன். கடல் மாதிரி வழுவழுன்னு?"

"ஜெல்லி மீன்."

"குலுங்கினது?"

"வாத்து மூளை," என்றான் வில்லாட்ஸ், அடக்க முடியாமல்.

பிரேபனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மைக்கன்கூட எழப் பார்த்தாள். அது சிரிப்பு. மூன்று மாதம் உபயோகிக்காத மோட்டார் போல இரண்டு தரம் இழுத்து நின்று, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. அவர் நாக்கு உளறவில்லை. எறும்பை எறும்பென்றும் ரத்தத்தை ரத்தமென்றும் அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பொய் சொன்னது லிஸ்பெட். அவருக்கு எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு, வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அவள் சிரித்திருப்பாள். அது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதோடு, சிரிக்க அவள் இங்கே இல்லை என்பதும் தெரிந்தது.

சமையலறைப் பிள்ளைகளும் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். ஒருவன் கைதட்டினான். பிரேபன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். எழுந்திருக்கத் தேவையில்லைதான், ஆனால் அவருக்கு உட்கார்ந்து சொல்ல வரவில்லை.

"இது லிஸ்பெட் இல்ல," என்றார். "இது எங்க பொண்ணு மைக்கன். லிஸ்பெட் செத்துட்டா. மார்ச் ஒம்பதாந்தேதி, காலைல ஏழே முக்காலுக்கு. ஃபோன்ல கேட்டப்பவே சொல்லியிருக்கணும். சொல்ல வரல. என் தப்பு."

கைதட்டியவன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். தைரா காகிதத்தைப் பார்த்தாள், பிறகு மைக்கனைப் பார்த்தாள். "ஐயோ," என்றாள் சின்னக் குரலில். "நாங்க சாயங்காலம் பூரா..."

"அவ கேட்டதத்தான் செஞ்சீங்க," என்றார் பிரேபன். "சரியாத்தான் செஞ்சீங்க. அந்தக் காகிதம் எனக்கு வேணும்."

தைரா கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அவர் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். வில்லாட்ஸ் மட்டும் நின்றான். என்ன கேட்பதென்று தெரியாமல், பழக்கத்தில், வேறெதாவது வேண்டுமா என்று கேட்டான்.

"அந்த உருளைக்கிழங்கு ஒண்ணு இருந்தா கொண்டாங்களேன்."

வில்லாட்ஸ் போனான். மைக்கன் கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"மோசடி பண்ணிட்டா ஒங்கம்மா," என்றார் பிரேபன். "மோசடி பண்ணா தோத்த மாதிரிதான். வேலி அவதான் வெட்டணும்."

சொன்ன பிறகுதான், வெட்ட அவள் இல்லை என்பது அவருக்கே உறைத்தது.

"சனிக்கிழம காலைல வர்றேன்," என்றாள் மைக்கன். "அவ நாற்காலில ஒக்காந்து உருளைக்கிழங்கு தின்னது நான்தானே. நான் வெட்டறேன். நீ ஏணியப் பிடி."

"கோணலா வெட்டுவே."

"வெட்டுவேன். தெரு பாத்துச் சிரிக்கட்டும்."

உருளைக்கிழங்கு வந்தது. இலை இல்லாமல், வெள்ளைத் தட்டில், ஒன்றே ஒன்று, மேலே வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. பிரேபன் அதை இரண்டாக வெட்டி ஒரு பாதியை வாயில் போட்டார். தோலில் மண் வாசனை இருந்தது. உப்பு இருந்தது. வெண்ணெய்க்குள் பால், வசந்தப் புல் தின்ற மாட்டின் பால், மூடியைத் திறந்ததும் குப்பென்று முகத்தில் அடிக்குமே, அதே வாசனை. அவர் மென்றுகொண்டே இருந்தார். அப்புறம் மெல்ல முடியவில்லை. வாயில் உருளைக்கிழங்கோடு, வாய் கோணி, மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் ஒழுக, அத்தனை மேஜைக்காரர்கள் முன்னாலும் அழுதார்.

மைக்கன் கைக்குட்டையை எடுத்துக் கொடுக்கவில்லை, பார்வையைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மா எழுதியிருந்தாளே. மைக்கன் அவளுக்காகக் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.